மதுரவேணி மேடைக்கு வரவும்

அந்தப் பக்கெட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கிடுங்க தம்பி, கால் நீட்ட முடியல்லை. எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்க. புதுப் பக்கெட்டு, புதுப் பாய், தலையணையில் கடை ஸ்டிக்கரைக்கூட இன்னும் கிழிக்கல்லை. மகனைக் காலேஜ் ஹாஸ்டலில் விடப் போறீங்க, சரிதானா? முன் சீட்டில் காதில் வயரைச் செருகிக்கிட்டுத் தூங்குறானே, அவன்தானே? தூங்கட்டும். நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன். வழி நீளமா இருக்கு, பேசிக்கிட்டே போவோம்.

முதல் நாள் காலேஜில் ஒரு கூட்டம் வைப்பாங்க. பிள்ளைகளையும் பெத்தவங்களையும் பெரிய ஹாலில் உட்கார வச்சு, "உங்க சந்தேகங்களைத் தாராளமாக் கேட்கலாம்"னு மேடையிலிருந்து சொல்வாங்க. அப்போ கவனிச்சுப் பாருங்க. ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டாங்க. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மூட்டை மூட்டையாக் கேள்வி இருந்திருக்கும். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா, பிடிக்கல்லைன்னா டிபார்ட்மெண்ட் மாத்தலாமா, தமிழ் மீடியத்தில் படிச்ச பிள்ளைக்குப் பாடம் ஏறுமா, மேற்கொண்டு என்ன படிக்கலாம்... மைக் கைக்கு வந்ததும் அத்தனையும் வயித்துக்குள்ளே போயிரும். அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா மகளைப் பார்ப்பா. மகள் தரையைப் பார்ப்பா. மேடையில் இருக்கிறவங்களுக்கு அதைவிடச் சங்கடம் கிடையாது. ஹால் நிறைய ஆள், ஒரு கேள்வி இல்லைன்னா செத்த வீடு மாதிரி ஆயிருமே.

அந்த முதல் கேள்வியைக் கேட்கிறவன் நான்.

சிரிக்காதீங்க. அது ஒரு உத்தியோகம். கூட்டத்தோட கூட்டமா, ஒரு பிள்ளையின் தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்கணும். மேடையில் கேட்டதும் எழுந்து முதல் கேள்வியைப் போடணும். ஒருத்தன் கேட்டுட்டா அப்புறம் ஊரே கேட்கும். நெடுஞ்சாலையில் ஆர்ச் வச்ச காலேஜ் ஒண்ணு. பேரைச் சொல்ல மாட்டேன், நான் உப்பைத் தின்ன இடம். வருஷா வருஷம் என்னைக் காலேஜ் பஸ் அனுப்பிக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. போகும்போது தோளில் ஒரு பொன்னாடை. எல்லாத்துக்கும் மேலே, வாசலில் நிற்கிற செக்யூரிட்டி என்னைப் பார்த்து சல்யூட் அடிப்பான்.

ஏன் என்னைப் பிடிச்சாங்கன்னு கேட்கிறீங்களா? குரல் தம்பி, குரல். மைக்செட் மந்திரமூர்த்தின்னு தூத்துக்குடி வட்டாரத்தில் கேட்டுப் பாருங்க. சினிமா, பொருட்காட்சி, தேர்தல் எல்லாத்துக்கும் கார் மேலே குழாயைக் கட்டி அறிவிச்சவன். நான் "இன்று முதல்"னு ஒரு இழுப்பு இழுத்தேன்னா, கடலுக்குப் போன தோணி கரைக்குத் திரும்பும். நிஜம். ஒரு தேர்தலில் என் பேச்சைக் கேட்டுட்டு எதிர்க்கட்சி வேட்பாளரே எங்க சின்னத்தில் குத்திட்டு வந்தார். அவரே என்கிட்ட அழுதுகிட்டே சொன்னார்.

என்னைக் கண்டுபிடிச்சது ராஜமார்த்தாண்டன். அந்தக் காலேஜுக்கு அட்மிஷன் பிடிக்கிற ஆபீஸர். டை கட்டின ஆளு. ஆள் இருக்கும்போது "ஐயா"ம்பான், தனியா இருந்தா "பெருசு"ம்பான். கேள்வியும் அவனே சொல்லிக் கொடுத்துடுவான். "படிச்சு முடிச்சா வேலை நிச்சயமா?" அவ்வளவுதான். அதுக்கு மேடையில் பதில் தயாரா இருக்கும், நூத்துக்கு நூறுன்னு.

ஆனா பேத்தி என் சரக்கு. அதை அவன் சொல்லித் தரல்லை.

எனக்குப் பேரன் பேத்தி யாரும் கிடையாது. கல்யாணம் ஆகல்லை. இலங்கையில் ஒரு பணக்கார வீட்டுப் பொண்ணு எனக்காகக் கடலில் நீந்திப் புறப்பட்டா, பாதியில் அலை திருப்பிக் கொண்டுபோயிட்டுது, அது வேற கதை. சும்மா "பேத்தி"ன்னு சொன்னா பக்கத்தில் இருக்கிறவன் பேர் கேட்பானே. மதுரவேணின்னு வச்சேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, அந்தக் கடைசி எழுத்து எப்படிப் போகுதுன்னு. நல்ல பிள்ளை. கத்தரிக்காய் தொடமாட்டா. கணக்கில் புலி. தலையில் பூ வச்சா தும்முவா. முதல் வருஷம் மெக்கானிக்கல் படிச்சா, அடுத்த வருஷம் எலெக்ட்ரானிக்ஸ், அடுத்த வருஷம் பயோடெக். எந்த டிபார்ட்மெண்டில் ஆள் சேரல்லையோ அதில் சேர்த்துவிடச் சொல்வான் ராஜமார்த்தாண்டன். போன வருஷம் ஏஐ. கம்ப்யூட்டரே யோசிக்குமாமே, அது. புதுசா ஆரம்பிச்சிருந்தாங்க, பாதி பெஞ்சு காலி.

அந்தப் போன வருஷக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அன்னைக்கு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ஒரு குடும்பம். அப்பா சுயம்புலிங்கம், உப்பு லாரி ஓட்டுறவர். அம்மா ஜெயக்கொடி. பொண்ணு பேரு பிரம்மசக்தி. ஒல்லியா இருந்தா, கண்ணு மட்டும் ஆளைத் துளைக்கும்.

"அண்ணாச்சி, பேரப்பிள்ளை சேருதோ?"ன்னார் சுயம்புலிங்கம்.

"பேத்தி. மதுரவேணி. ஏஐ."

"ஏ ஜெயக்கொடி, கேட்டியா? நம்ம பிள்ளைக்கும் ஏஐதான். துணைக்கு ஆள் ஆச்சு." மனுஷன் முகம் அப்படியே விரிஞ்சுபோச்சு. மகள் முகம் விரியல்லை.

விஷயம் என்னன்னா, இந்தக் காலேஜில் முன்கூட்டியே இடம் போட்டு வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அரசாங்கக் கவுன்சிலிங்கில் அந்தப் பிள்ளைக்கு இடம் வந்துட்டுது. அரசாங்கக் காலேஜ், சிவில், ஆனா ராத்திரி முழுக்கப் போகணும், அவ்வளவு தூரம். அந்த இடம் வேணும்னா அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ளே போனில் "ஏற்கிறேன்"னு அமுக்கணும். அமுக்காட்டா வேற பிள்ளைக்குப் போயிரும். அமுக்கினாலும் அப்பா போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போட்டாத்தான் செல்லும். போன் அப்பா சட்டைப்பையில்.

"நான் என்ன சொல்லுதேன்னா அண்ணாச்சி, அங்க போனா தெரிஞ்ச மனுசன் ஒருத்தன் கிடையாது. இங்கன்னா காலேஜ் பஸ்ஸு தெருமுனைக்கே வருது. இன்னைக்கு இவங்க பேசுறதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்னு கூட்டிட்டு வந்திருக்கேன்."

"சிவில் படிச்சு என்னம்மா பண்ணப் போற?"ன்னேன் அவகிட்ட.

"எங்க ஊர் ஓடைப்பாலம் பாதியில நிக்குது தாத்தா. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது தூண் போட்டாங்க. இன்னும் தூண்தான் நிக்குது. ஏன் நிக்குதுன்னு யாருக்குமே தெரியல."

"ஏட்டி, அந்தப் பாலத்தைக் கட்டவா உன்னைப் பெத்தேன்?"னு அம்மா தொடையில் கிள்ளினா.

பிள்ளை என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "உங்க பேத்தி எங்க தாத்தா?"

"லேப் பார்க்கப் போயிருக்கா. அவளுக்கு லேப்னா உயிர்."

"எந்த ஸ்கூல்ல படிச்சா?"

நான் ஒரு ஸ்கூல் பேரைச் சொன்னேன்.

"அது பத்தாங்கிளாஸ் வரைக்கும்தானே?"

"அதுக்கப்புறம் மாத்திட்டோம்ல."

"பிளஸ் டூல என்ன குரூப்பு?"

"அவ எல்லாக் குரூப்பும் எடுத்தா"ன்னு சொல்லிட்டேன். அவ தலையை மட்டும் மெதுவா ஆட்டினா. நல்லவேளை, நம்பிட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கூட்டம் ஆரம்பிச்சுது. தாளாளர் அம்மா நடுவில். அவங்களுக்கு என் உத்தியோகம் தெரியாது, அதைத் தெரிஞ்சுக்கிடுங்க. பாவம், நல்ல மனுஷி. அவங்களைப் பொறுத்தவரைக்கும் வருஷா வருஷம் யாரோ ஒரு தாத்தா தானா எழுந்திருச்சுக் கேட்கிறார். அவங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் தூரத்துப் பார்வை கம்மி, ஒரே தாத்தான்னு தெரியல்லை.

நான் எழுந்து போட்டேன் முதல் கேள்வியை. ஹாலில் ஃபேன் ஒரு நிமிஷம் நின்னு சுத்துச்சு. "நூற்றுக்கு நூறு!"ன்னு மேடையில் சொன்னாங்க. கைதட்டல். அப்புறம் பாருங்க, அடைப்பு எடுத்த குழாய் மாதிரி வருது கேள்வி. ஒரு பையன், "சார், அரியர் வச்சா கம்பெனி இன்டர்வியூவுக்கு விடுவாங்களா?"ன்னான். இன்னும் பாடமே ஆரம்பிக்கல்லை! அவன் அப்பா அங்கேயே அவன் பின்மண்டையில் ஒண்ணு போட்டார். ஒரு அம்மா, வாரத்துக்கு ஒருநாள் தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க ஹாஸ்டலில் வெந்நீர் தருவாங்களான்னாங்க. இன்னொரு பொண்ணு, வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எந்த வருஷத்தில் பரீட்சை எழுதணும்னு கேட்டா. கோடிங் தெரியாமச் சேரலாமா, லேப்டாப் முதல் வருஷமே வேணுமா, வங்கிப் பரீட்சைக்குச் சேர்த்துப் படிக்கலாமா... எனக்கு ஒரே பெருமை. எல்லாம் நான் திறந்துவிட்ட மடை.

சுயம்புலிங்கம் எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தார். பிரம்மசக்தி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா. நாலு மணி தாண்டியிருந்தது.

திடீர்னு என் பக்கம் குனிஞ்சா. காதுக்குள்ளே பேசுற மாதிரி, "தாத்தா, ஒண்ணு கேட்பேன், உண்மையச் சொல்லணும். உங்க பேத்திக்கு அரசாங்கக் காலேஜ்ல கிடைச்சிருந்தா, நீங்க விட்டிருப்பீங்களா?"

அப்பாவும் இந்தப் பக்கம் சாய்ஞ்சார். அம்மாவும் சாய்ஞ்சா. மூணு பேர் மூச்சும் என் மேலே படுது.

அந்த இடத்தில் ஒரு சாதாரண ஆள்னா முழிச்சிருப்பான். நான் யாரு? கதை தானா வந்து நாக்கில் உட்காருது, அதைத் துப்பவா முடியும்? "கிடைச்சிருந்தாவா? கிடைச்சுது தாயி! பெரிய அரசாங்கக் காலேஜ். அந்தப் பிரின்ஸ்பாலே வீட்டுக்கு வந்து, 'வாம்மா'ன்னு கூப்பிட்டார். 'வேண்டாம் சார், எனக்கு அந்தக் காலேஜ் ஏஐதான் வேணும்'னு கதவைச் சாத்திட்டா."

"பார்த்தியா!"ன்னார் சுயம்புலிங்கம். போனை எடுத்தார், ஒரு பார்வை பார்த்தார், சட்டைப்பையில் திரும்பப் போட்டு, பையின் பட்டனையும் மாட்டிட்டார். "முடிஞ்சுது பேச்சு. இனிமே இதைப்பத்தி வாயைத் திறக்கக் கூடாது. நாம இங்கதான்."

பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துது. பொய் சொல்லல்லை. ஆனா நான் என்ன செய்ய? கதை நல்லா அமைஞ்சுபோச்சு.

அப்பத்தான் அவ எழுந்து நின்னா. மைக் வர்றதுக்குள்ளே கத்தினா. "மேடம்! ஒரு கேள்வி!"

"ஏட்டி, உட்காருட்டி!"ன்னு அம்மா தாவணியைப் பிடிச்சு இழுக்கிறா. அவ உட்காரல்லை.

"மேடம், இந்தத் தாத்தாவோட பேத்தி மதுரவேணி, அரசாங்கக் காலேஜ விட்டுட்டு இங்க ஏஐ சேர்ந்திருக்கு. எனக்கும் அதே நிலைமைதான். அஞ்சு மணிக்குள்ள முடிவு பண்ணணும். அந்தப் பிள்ளையை இங்க கூப்பிட்டு, ஏன் விட்டுச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. நான் நேர்ல கேட்டா நம்புவேன்."

தாளாளர் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல்லை. "எவ்வளவு நல்ல கேள்வி! அந்த மாணவியை உடனே மேடைக்கு அழையுங்க!"

மேடை ஓரத்தில் ராஜமார்த்தாண்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... நான் கூரையைப் பார்த்தேன்.

"மதுரவேணி, எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." மைக்கில் கூப்பிடுறாங்க. எல்லாத் தலையும் வாசலைப் பார்த்துத் திரும்புது. யாரும் வரல்லை. "மதுரவேணி, மேடைக்கு வரவும்." அந்தப் பேரை மைக்கில் இப்படிச் சொல்லக் கூடாது, 'வேணி'யில் ஒரு ஏத்தம் வேணும், அது தெரியாத பையன். சுயம்புலிங்கம் வேற, "பிள்ளை லேப்பில் மெய்மறந்து நிக்கும் போல, நான் போய்க் கூட்டியாரட்டா அண்ணாச்சி?"ங்கிறார். கடிகாரத்தில் முள் போயிக்கிட்டே இருக்கு.

மூணாவது தடவை கூப்பிட்டதும், மேடைப் படியில் ஒரு பொண்ணு ஏறினா.

தம்பி, என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுச்சு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வந்துட்டாளான்னு நினைச்சேன்.

அப்புறம் பார்த்தா, காலையில் எங்களுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்த பொண்ணு. அந்தக் காலேஜிலேயே படிக்கிற சீனியர். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழட்ட வச்சு அனுப்பியிருக்கான் ராஜமார்த்தாண்டன். தலை நிறைய மல்லிகைப்பூ. மல்லிகைப்பூ!

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் மதுரவேணி"ன்னா. சரி, பொறுத்துக்கிட்டேன். "அரசாங்கக் காலேஜில் வசதி கிடையாது, அதனால இங்க வந்தேன்"ன்னா. சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொல்றா, "எங்க தாத்தா ஒரு ஏழை விவசாயி. எழுதப் படிக்கத் தெரியாதவர். நாலு பேர் முன்னாடி பேசக்கூட வராது. அவர்தான் என்னை..."

யாரு? பேச வராதா? மைக்செட் மந்திரமூர்த்திக்கா?

எப்படி எழுந்தேன்னு தெரியாது. "இது என் பேத்தி இல்லை!"ன்னேன்.

மேடையில் தண்ணி கிளாஸ் ஒண்ணு கீழே விழுந்து உடைஞ்சுது. அந்தப் பொண்ணு நின்ன இடத்திலேயே அழ ஆரம்பிச்சுட்டா, இந்தத் தடவை நிஜமா. "என் பேத்தி தலையில் பூ வைக்க மாட்டா! அவளுக்குத் தும்மல் வரும்! யார் இந்தப் பொண்ணு?"

அதுக்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கல்லை. சுயம்புலிங்கம் துள்ளி எழுந்திருச்சார். "அப்போ நிஜப் பிள்ளை எங்க? பிள்ளையைக் காணோம், மறைக்கிறதுக்கு வேற ஆளை ஏத்துதானுவ!" கதவைப் பார்த்து ஓட்டம். பின்னாலேயே ஒரு இருபது முப்பது அப்பன்மார். "கேட்டைப் பூட்டு! ஒரு பஸ்ஸும் வெளிய போகக் கூடாது!" பெண்கள் தங்கள் தங்கள் பிள்ளைகளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஜெயக்கொடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "முருகா, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது"ன்னு அழுறா. பெத்த பிள்ளையைத் தொலைச்ச மாதிரி அழுறா. நானே ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்தேன்.

பிரம்மசக்தி மட்டும் அழல்லை. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னா. "அம்மா, போன்! அப்பா போனோட ஓடிட்டாரு!"

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தோம். அஞ்சுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அவ அம்மா போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டா. மணி போகுது, போகுது, அவர் எடுக்கல்லை. கேட்டுப் பக்கம் பஸ்ஸை மறிச்சுக்கிட்டு நிக்கிறவர் எங்கே எடுப்பார்? பிள்ளை என் பக்கம் திரும்பினா. "தாத்தா. உங்க பேத்தி கிடைக்காம எங்கப்பா திரும்ப மாட்டார். அவரைத் தெரியும் எனக்கு. நீங்கதான் கூப்பிடணும்."

அதுக்குள்ளே ராஜமார்த்தாண்டன் வந்துட்டான். டை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மைக்கை என் நெஞ்சில் வச்சு அமுக்கி, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றான். "பெருசு, 'கண்ணு தெரியாமச் சொல்லிட்டேன், இதுதான் என் பேத்தி'ன்னு சொல்லு. இப்பவே சொல்லு. எல்லாரும் வந்து உட்காருவானுவ. இல்லைன்னா போலீஸ் வரும். முதல்ல உன்னைத்தான் தூக்கிட்டுப் போவான்."

யோசிச்சுப் பாருங்க என் நிலைமையை. இதுதான் பேத்தின்னு சொன்னா எல்லாம் அடங்கும், சுயம்புலிங்கம் பையில் பட்டனோட வந்து உட்கார்ந்துடுவார், அஞ்சு அடிச்சுடும். பேத்தியே கிடையாதுன்னு சொன்னா, பஸ்ஸை மறிச்ச அத்தனை பேரும் என்னை மறிப்பாங்க. மேடையில் பார்த்தா அந்த மல்லிகைப்பூ அழுதுக்கிட்டு நிக்குது. அதை என் வாயால் மதுரவேணின்னு கூப்பிடவா? செத்தாலும் மாட்டேன்.

மைக்கை அவன் கையிலேயே கொடுத்தேன். எனக்கு எதுக்கு மைக்? வெளிப்படியில் போய் நின்னேன். கேட்டு எங்கேயோ தூரத்தில், மைதானத்தைத் தாண்டி இருக்கு. மூச்சை இழுத்தேன். தேரோட்டத்தில் காணாமப் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு இழுத்த மூச்சு அது.

"சுயம்புலிங்கம்! மதுரவேணி கிடைச்சாச்சு!"

கேட்டில் அத்தனை தலையும் திரும்புச்சு.

"இந்தக் காலேஜ் வேண்டாமாம்! அரசாங்கக் காலேஜ்தான் வேணும்னு பஸ் ஏறிப் போயிட்டா! போகும்போது அழுதுகிட்டே சொல்லிட்டுப் போனா, பிரம்மசக்தியையும் கிடைச்ச இடத்தை விட்டுடச் சொல்லாதீங்கன்னு! போனை எடுத்து உம்ம மகள் கையில கொடும்! ஓடியாரும்!"

மனுஷன் ஓடி வந்தார் பாருங்க, வேட்டியை மடிச்சுக் கட்டக்கூட நேரமில்லாம. பிள்ளை எதிரில் ஓடினா. மைதானத்து நடுவில் ரெண்டு பேரும் மோதாத குறை. பையில் பட்டன் கழல மாட்டேங்குது. அவளே பிடிச்சு இழுத்து அத்துட்டா. அமுக்கினா. ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. அங்கே சிக்னல் கம்மி. "அப்பா, தூக்கிப் பிடிங்க!" அவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார். நம்பர் வருது. கீழே இறக்குறார், அவ பார்த்துட்டு அடிக்கிறா, மறுபடி தூக்குறார். நான் படியில் நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன், மூச்சு விடல்லை. ஜெயக்கொடி முந்தானையை வாயில் வச்சுக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா.

அப்புறம் பிள்ளை அப்படியே புழுதியில் உட்கார்ந்துட்டா. முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கிட்டா. என்ன ஆச்சுன்னு தெரியாம அப்பா பதறுறார். கையை எடுத்தா. சிரிக்கிறா.

ஆயிருச்சு.

சுயம்புலிங்கம் என்கிட்ட வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். "அண்ணாச்சி, நான் கூறுகெட்டத்தனமா விட்டிருப்பேன். சின்னப்பிள்ளை, உங்க பேத்தி, அதுக்கு இருக்கிற தெளிவு எனக்கில்ல. எந்தக் காலேஜுன்னு சொல்லுங்க, லோடு அந்தப் பக்கம் போகும்போது கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கேன்."

"கருவாடு திங்க மாட்டா"ன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அந்தக் காலேஜில் இன்னும் சில பேர் இடத்தை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்களாம். அதுக்கு நான் பொறுப்பா? ராஜமார்த்தாண்டன் அப்படித்தான் சொல்றான். கிளம்பும்போது ஆபீஸ் பையன் வழக்கம்போலத் தோளில் போட்ட பொன்னாடையை அவனே உருவிக்கிட்டான் தம்பி. போட்ட பொன்னாடையை உருவுவானா ஒரு மனுஷன்? பஸ்ஸும் கிடையாதுன்னுட்டான். சுயம்புலிங்கம் லாரியில்தான் வீடு வந்து சேர்ந்தேன். இந்த வருஷம் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடல்லை. வேற ஒரு ரிட்டயர்டு ஆளைப் பிடிச்சிருக்கானாம். மைக்கில் பேசியும் மூணாவது வரிசைக்குக் கேட்கல்லையாம்.

நீங்களே நியாயம் சொல்லுங்க. தப்பு யார் மேலே? என் கதை பாட்டுக்கு ஒழுங்காப் போய்க்கிட்டு இருந்தது. போலியைக் கொண்டுவந்து ஏத்தினது அவன். பொய்யான ஆளை நிறுத்தி ஜனங்களை ஏமாத்தலாமா? படிக்க வந்த பிள்ளைகள் இல்லையா? எனக்கு அதுதான் ஆறல்லை. லெட்டர் போட்டேன் தாளாளர் அம்மாவுக்கு. பதில் இல்லை.

பிரம்மசக்தியா? ரெண்டாம் வருஷம் போயிட்டா, சிவில். நல்லாப் படிக்கிறாளாம். மாசத்துக்கு ஒரு தடவையாவது போன் பண்ணிடுவா, என் கண்ணு எப்படி இருக்குன்னு கேட்பா. இந்தக் கண்ணாஸ்பத்திரிகூட அவ பார்த்துச் சொன்னதுதான். மதுரவேணியையும் மறக்காம விசாரிப்பா. நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அவளுக்குப் பரீட்சை நடக்குது, அவளுக்குச் சளின்னு ஏதாவது சொல்லிவைப்பேன். அந்தப் பிள்ளைக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு துளி சந்தேகம் வந்ததில்லை.

போன வாரம் கூப்பிட்டா. அவங்க காலேஜில் புதுப் பிள்ளைகள் வர்றாங்களாம். இவ சீனியர்ங்கிறதால், அவங்க கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல இவளை உட்கார வச்சிருக்காங்களாம். "ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்காங்க தாத்தா, கஷ்டமா இருக்கு"ன்னா. பேசிட்டு வைக்கப் போகும்போது கேட்கிறா:

"தாத்தா, மதுரவேணி இந்த வருஷம் எந்த டிபார்ட்மெண்ட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. ஒரு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஒரு டிபார்ட்மெண்டில் சேர்ந்தா நாலு வருஷமும் அதுதானேன்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் அவளுக்கு இருமல் வந்துட்டுது, சிரிப்பு மாதிரி ஒரு இருமல். அப்புறம், "சரி தாத்தா, நீங்க சொன்னாச் சரிதான்"ன்னா.

அந்தக் காலேஜில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்களோ.